நாலு உப்பு, ஒரே பானை

போன மாதம் மதுரையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையல் மேடையில் நாலு உப்பு இருந்தது. பீங்கான் ஜாடியில் கல்லுப்பு. அடுப்போரம் பிளாஸ்டிக் டப்பாவில் அயோடின் கலந்த பொடியுப்பு. பெங்களூரில் இருக்கும் தம்பி மனைவி அனுப்பிய இளஞ்சிவப்பு இந்துப்பு. நாலாவது, நானே வாங்கிக்கொண்டு போன ‘லோ சோடியம்’ உப்பு. அம்மா நாலையும் வரிசையாக வைத்துவிட்டு, “இதுல எதைத்தாண்டி போடுறது?” என்று கேட்டாள்.

வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், பதில் அதில்தான் இருக்கிறது. அம்மாவுக்குப் பத்து வருடமாக பிரஷர். தினமும் காலையில் டெல்மிசார்ட்டான் 40. அப்பாவுக்குப் பதினெட்டு வருடமாக சுகர். அவருக்குக் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.7, அதாவது சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது என்று காட்டும் அளவு. இருவரும் சாப்பிடுவது ஒரே குழம்பு.

இந்துப்பை முதலில் முடித்துவிடலாம், அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. பாகிஸ்தான் பஞ்சாபில் கேவ்ரா என்ற இடத்தில் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் பாறை உப்பு அது. அந்த நிறம் இரும்புத் துருவால் வருவது. பாக்கெட்டில் 84 தாதுக்கள் என்று அச்சிட்டிருந்தார்கள். இருக்கட்டும். ஆனால் அதில் கிட்டத்தட்ட முழுக்க அதே சோடியம் குளோரைடுதான். மற்றதெல்லாம் மருந்துக்குக்கூடப் போதாத அளவு. இந்துப்பில் இருக்கும் இரும்பை நம்பி ரத்தசோகையைப் போக்க நினைத்தால், அதற்கு முன்னால் உப்பே ஆளை முடித்துவிடும். சித்த மருத்துவத்தில் இந்துப்புக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. அங்கே அது சூரணத்தில் சேரும் சிட்டிகை. நாம் சாம்பாருக்குப் போடுவது கரண்டிக் கணக்கு.

என்னைக் கவலைப்பட வைத்தது வேறு. தம்பி மனைவிக்கு இது ஆறாவது மாதம். கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளரத் தாயின் தைராய்டு ஹார்மோன் வேண்டும், அது சுரக்க அயோடின் வேண்டும். தனியாகச் சேர்த்தால் ஒழிய இந்துப்பில் அயோடின் பேருக்குத்தான் இருக்கும். அவள் நான்கு மாதமாக அதைத்தான் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தாள், உடம்புக்கு நல்லது என்று, மற்ற உப்பைவிடப் பல மடங்கு விலை கொடுத்து. அன்று இரவே போன் போட்டுச் சொன்னேன். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது தைராய்டு அளவையும் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் கல்லுப்பும் பொடியுப்பும். சோடியம் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். கல்லுப்பு இயற்கை, பொடியுப்பு கெமிக்கல் என்று பேசுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். பொடியுப்பில் கட்டி பிடிக்காமல் இருக்க ஒரு துளி ஏதோ சேர்ப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வெள்ளிக்கிழமை கல்லுப்பு வாங்கினால் வீட்டில் லட்சுமி தங்குவாள் என்பது அம்மாவின் கணக்கு. அதில் நான் தலையிடுவதில்லை. வாங்குகிற கல்லுப்பில் அயோடின் இருக்கிறதா என்பது மட்டும்தான் என் கேள்வி.

இந்தக் கேள்வியின் வேர் இமயமலை அடிவாரத்தில் இருக்கிறது. காங்க்ரா பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் கழுத்தில் கழலையோடு (அயோடின் குறைவால் வரும் தைராய்டு வீக்கம்) இருந்தவர்களுக்கு, 1956இல் தொடங்கி, டாக்டர் வி. ராமலிங்கசாமியின் குழு அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தது. கழலை குறைந்தது. 1962இல் நாடு தழுவிய கழலை ஒழிப்புத் திட்டம் வந்தது. 2006 மே மாதத்திலிருந்து, மனிதர் சாப்பிடுவதற்கென்று அயோடின் கலக்காத உப்பை விற்கவே தடை. ஆனால் 2018-19இல் எடுத்த அகில இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. எல்லா மாநிலத்திலும் கடைசி இடம் நமக்கு. குஜராத்துக்கு அடுத்தபடி அதிகமாக உப்பு விளைகிற மாநிலம் இது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்தியில் வாரிய உப்பு பக்கத்து ஊர்க் கடைக்கு மூட்டையோடு வந்துவிடுவதும், நமக்குக் கல்லுப்புதான் பிடிக்கும் என்பதும் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

கல்லுப்பை விட மனமில்லாதவர்கள் விட வேண்டியதில்லை. அயோடின் தெளித்த கல்லுப்பே பாக்கெட்டில் வருகிறது. ராமநாதபுரம் வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனமே அயோடின் உப்பு விற்கிறது. பாக்கெட்டின் மேல் அயோடின் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கல்லுப்பில் அளவுதான் சிக்கல். அம்மா அதைத் தண்ணீரில் கரைத்து, மண் இறங்கியதும் வடிகட்டி, ஒரு பாட்டிலில் வைத்திருப்பாள். குழம்புக்கு ‘உப்புத் தண்ணி ரெண்டு கரண்டி’. அந்தக் கரண்டியில் எத்தனை கிராம் உப்பு என்று கேட்டால் அந்தப் பாட்டிலுக்கே தெரியாது.

சரி, நாலாவது பாக்கெட்டுக்கு வருகிறேன். பொறுமையாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைப் போட்டால் லோ சோடியம் உப்பு. எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். ‘15 சதவீதம் சோடியம் குறைவு’ என்று சொல்லும் பாக்கெட்டையும் 30 சொல்லும் பாக்கெட்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. இதில் இரண்டு லாபம். பிரஷரை ஏற்றும் சோடியம் குறைகிறது. பிரஷரை இறக்க உதவும் பொட்டாசியம் கூடுகிறது.

பேச்சாக இருந்த இதைச் சீனாவில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். வடக்குச் சீனாவில் 600 கிராமங்கள், 20,995 பேர். பத்தில் ஏழு பேருக்கு மேல் முன்பே பக்கவாதம் வந்தவர்கள். மற்றவர்கள் 60 வயது தாண்டிய பிரஷர்காரர்கள். பாதிக் கிராமங்களுக்கு 75 பங்கு சோடியம், 25 பங்கு பொட்டாசியம் கலந்த உப்பு. மீதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. கிட்டத்தட்ட ஐந்து வருடம் பின்தொடர்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு 33.65 ஆக இருந்த பக்கவாதம், உப்பை மாற்றிய ஊர்களில் 29.14. இறப்பு 44.61, மாற்றிய ஊர்களில் 39.28. இவர்களைப் போன்ற ஆயிரம் பேர் உப்பு டப்பாவை மாற்றினால் வருடத்துக்கு ஐந்து உயிர் பிழைக்கிறது என்றால், இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

சீனாக்காரர் சாப்பாடு வேறு, நம் சாப்பாடு வேறு என்று சொல்லத் தோன்றும். தெலங்கானாவில் சித்திபேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பிரஷர் உள்ள 502 பேருக்கு, 70க்கு 30 கலவையில் இதே உப்பைக் கொடுத்தார்கள். எந்த உப்பு யாருக்குப் போகிறது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. மூன்று மாதத்தில் மேல் பிரஷர் சராசரியாக 4.6 புள்ளி இறங்கியது. அதுவும் நம் மாதிரியே புளியும் ஊறுகாயும் சாப்பிடும் ஜனங்கள். இன்னொன்றும் நமக்குச் சாதகம். மேல்நாட்டில் உப்பில் பெரும்பங்கு ரொட்டியிலும் டப்பா உணவிலும் கலந்தே வந்துவிடுகிறது, வீட்டு டப்பாவை மாற்றி அங்கே பெரிய பலன் இல்லை. நம் ஊரில் உப்பு இன்னமும் வீட்டு அடுப்பில்தான் விழுகிறது.

2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் வாய் திறந்தது: வீட்டில் உப்பு சேர்ப்பதாக இருந்தால் சாதா உப்புக்குப் பதில் இந்த உப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் ‘நிபந்தனைக்கு உட்பட்ட’ பரிந்துரை அது. குழந்தைகளுக்கு இல்லை, கர்ப்பிணிகளுக்கு இல்லை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இல்லை, பொட்டாசியம் உடம்பில் தேங்கக்கூடிய வேறு நோய் உள்ளவர்களுக்கும் இல்லை. இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் ஒரு கூட்டுக் குடும்பத்தில் யார் மிஞ்சுவார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

ருசியைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு உப்புச் சப்பில்லாமல் போய்விடும். அம்மா வீட்டில் மூன்று நாள் இதே உப்பில் சமைத்துப் பார்த்தோம். சாம்பாரிலும் ரசத்திலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, புளி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. பருப்புத் துவையலிலும் தெரியவில்லை. தயிர்சாதத்தில் மாட்டிக்கொண்டது. முதலில் உப்பு, விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கத்தில் லேசாக ஒரு கசப்பு, பாத்திரத்தை நக்கிய மாதிரி. அம்மா இரண்டாவது வாயிலேயே நிமிர்ந்து, “தயிர் கெட்டுப்போச்சா?” என்றாள். மோரிலும் அப்படித்தான். தயிர்சாதத்துக்கு மட்டும் பழைய உப்பு என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். விலையும் சாதா உப்பைவிடக் கூடுதல். ஆனால் உப்பில் பணம் மிச்சம் பிடித்து யாரும் வீடு கட்டியதில்லை.

சமைத்துப் பார்க்கும் முன், ஆய்வுகளை மட்டும் படித்துவிட்டு, பொட்டாசியம் உப்பையே முடிவு செய்யும் நிலையில்தான் இருந்தேன். அப்புறம்தான் அப்பாவின் ரிப்போர்ட்டை எடுத்தேன். கிரியாட்டினின் 1.7 என்ற வரிக்கு அடுத்த வரியில் பொட்டாசியம் 5.1 என்று இருந்தது, மேல் எல்லையை ஒட்டிய அளவு.

கூடுதல் பொட்டாசியத்தை உடம்பிலிருந்து தள்ளுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். மிக அதிகமானால் இதயத் துடிப்பே தாளம் தப்பும், சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமல். ஒருவர் நாளுக்கு எட்டு கிராம் உப்பு சாப்பிடுகிறார், அதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு என்றால், கூடுதலாக உள்ளே போவது சுமார் ஒரு கிராம் பொட்டாசியம். இரண்டரை வாழைப்பழம் என்று வைத்துக்கொள்ளலாம். கிட்னி நன்றாக இருக்கிறவருக்கு அது நல்லது, நம்மில் பலர் பொட்டாசியம் போதாமல்தான் இருக்கிறோம். அப்பாவுக்கோ இளநீரைக்கூட அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

விஞ்ஞானிகளுக்குள் வாக்குவாதம் இருப்பதும் இந்த இடத்தில்தான். சீன ஆய்வில் பொட்டாசியம் ஏறிப் பிரச்சினை வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஆபத்தே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிடலாமா? தீவிர சிறுநீரக நோய் உள்ளவர்களை முதலிலேயே சேர்க்கவில்லை. சேர்ந்தவர்களுக்கும் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பொட்டாசியம் பார்க்கவில்லை, நோயாக வெளிப்பட்டதைத்தான் எண்ணினார்கள். 2023இல் சீன முதியோர் இல்லங்களில் நடந்த இன்னொரு சோதனையில் ரத்தத்தையும் பார்த்தார்கள். மேல் பிரஷர் 7.1 புள்ளி இறங்கியது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மொத்தமாகக் குறைந்தன. கூடவே, ரத்தத்தில் பொட்டாசியம் எல்லை தாண்டியவர்கள் உப்பு மாற்றிய பக்கத்தில் அதிகம். அதனால் பெரிய ஆபத்து நேரவில்லை என்பதும் உண்மை. ஆதரிப்பவர்கள் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள், தயங்குபவர்கள் அதற்கு முந்தின வரியை. எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகிறது. ஊர் முழுக்கக் கணக்குப் போட்டால் லாபம் பெரிது. ஆனால் கிட்னி பாதி போகும் வரை வெளியே தெரியாது, கிரியாட்டினின் ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் நம் ஊரில் ஏராளம். கடையில் உப்பு வாங்குகிறவரிடம் யாரும் ரிப்போர்ட் கேட்பதில்லை.

மாத்திரையையும் பார்க்க வேண்டும். அம்மா சாப்பிடும் டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், ராமிப்ரில், எனலாப்ரில் எல்லாம் பொட்டாசியத்தை உடம்பில் கொஞ்சம் பிடித்துவைக்கும். ஸ்பைரோனோலாக்டோன் இன்னும் அதிகமாகப் பிடித்துவைக்கும். நம் ஊரில் பிரஷர் மாத்திரை என்றால் பலர் பையில் இருப்பது டெல்மிசார்ட்டான்தான். அது சாப்பிடுகிறவர் இந்த உப்பைத் தொடவே கூடாது என்று அர்த்தமில்லை. கிட்னி சரியாக இருந்து, டாக்டர் சரி என்று சொல்லி, மாற்றிய ஒரு மாதத்தில் திரும்பப் பொட்டாசியம் பார்த்துக்கொண்டால் போடலாம். பார்க்காமல் போடக் கூடாது.

அப்பாவுக்கு மட்டும் தனியாகச் செய்தால் என்ன? செய்து பார்த்தோம். அந்த மூன்று நாளும் அதற்குத்தான் போனது. முதல் நாள் அப்பாவுக்குச் சின்னப் பாத்திரத்தில் சாதா உப்புப் போட்டு எடுத்து வைத்தாள் அம்மா. இரண்டாம் நாள் பாத்திரம் மாறிவிட்டது. எது யாருடையது என்று இருவரும் ருசி பார்த்துச் சண்டை போட்டார்கள். மூன்றாம் நாள் அப்பா இரவு பத்து மணிக்குப் பசிக்கிறது என்று அடுப்பில் இருந்த பெரிய பாத்திரத்திலிருந்து தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டார். அதிலிருந்தது பொட்டாசியம் உப்பு. ஒரு வேளையில் ஒன்றும் ஆகிவிடாது என்று தெரியும், ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவர்கள் இருவரும் ஒரே பானையில் நாற்பது வருடம் சாப்பிட்டவர்கள்.

அதனால் எங்கள் வீட்டில் ஜெயித்தது, போட்டியிலேயே இல்லாத ஐந்தாவது வழி: அதே அயோடின் உப்பு, அளவு குறைத்து. இதற்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதத்தில் தீர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 8.3 கிராம். இந்தியரின் சராசரி 8 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கெடுப்பு சொல்வதும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராம். அப்படியானால் நாலு பேருக்கு மாதம் 600 கிராம். மீன் கழுவ, கீரை அலச என்று வீணாவதைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாம். அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடை மிக்சரில் வருவது இந்தக் கணக்கில் சேரவே சேராது, அதையும் மறக்கக் கூடாது.

இந்தக் கணக்கைப் போட்டால் ஒப்பீடே வேறு மாதிரி தெரிகிறது. ஒரு கிலோ பொட்டாசியம் உப்பை அப்படியே போட்டால் உள்ளே போகும் சோடியம் உப்பு 700-750 கிராம். சாதா உப்பை 600 கிராமுக்குக் குறைத்தால் அதைவிடவும் கம்மி. பொட்டாசியத்தின் உபரி லாபம் கிடைக்காது, ஆனால் அப்பாவுக்கு அந்த லாபமே வேண்டாம்.

ஆனால் குறைப்பது என்பது, வாங்கும் பாக்கெட்டை மாற்றுவது போல ஒரு நாள் வேலை இல்லை. அதனால்தான் உலகத்தில் பெரும்பாலானவர்கள் அதில் தோற்கிறார்கள். சீனக் கிராமத்தில் நடந்த சோதனை வென்றதற்கு ஒரு காரணம், அங்கே யாரும் நாக்கைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. பிரிட்டனில் 2003க்குப் பிறகு உணவுக் கம்பெனிகளைக் கொண்டு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். எட்டு வருடத்தில் தலைக்கு 9.5 கிராமிலிருந்து 8.1க்கு வந்தது, அதுவும் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாமல். நாக்கு சில வாரத்தில் பழகிவிடும். திடீரென்று பாதியாக்கினால்தான் கலகம். அம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: உப்புத் தண்ணி பாட்டிலை விட்டுவிட்டு பொடியுப்பை டீஸ்பூனில் அளந்து போடு, தட்டு பக்கத்தில் உப்புக் கிண்ணம் வேண்டாம், சோற்றில் உப்புப் போட்டு வடிக்காதே.

உப்பை ரொம்பக் குறைப்பதும் கெடுதல் என்று ஒரு தரப்பு உண்டு, அதையும் பார்த்தேன். இதய நோய் ஆய்வாளர் சலீம் யூசுஃப் தலைமையிலான பல நாட்டு ஆய்வு 2014இல் அப்படித்தான் சொன்னது. சோடியம் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களிடமும் இறப்பு அதிகம் என்று. ஒரே ஒரு சிறுநீர் மாதிரியை வைத்து ஒரு நாள் உப்பை அளந்தது சரியில்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. அந்த ஆய்வு குறைவு என்றது நாளுக்கு மூன்று கிராம் சோடியத்துக்குக் கீழே, அதாவது சுமார் ஏழரை கிராம் உப்புக்குக் கீழே. எட்டில் நிற்கும் நாம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஐந்தையே சொல்வதால் நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

நான் வாங்கிப் போன லோ சோடியம் பாக்கெட் வீணாகவில்லை. திருச்சியில் அக்கா வீட்டுக்குப் போனது. அக்காவின் மாமியார் இரண்டு வருடம் முன்பு லேசாகப் பக்கவாதம் வந்து தேறியவர். 71 வயது, சாப்பிடுவது பொட்டாசியத்தைப் பிடித்துவைக்காத பிரஷர் மாத்திரையான அம்லோடிபின், கிரியாட்டினின் 0.8, பொட்டாசியம் 4.2. அத்தானுக்கும் அக்காவுக்கும் கிட்னியில் குறை இல்லை, பையன் விடுதியில் இருக்கிறான். சீன ஆய்வில் சேர்த்த ஆட்களை அச்சில் வார்த்த மாதிரி ஒரு வீடு. அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றினார்கள். பாக்கெட்டில் அயோடினும் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டோம். மாமியார் தயிர்சாதத்துக்கு மட்டும் பழைய உப்பைக் கேட்கிறாராம், கொடுக்கிறார்கள்.

மதுரையில் இந்துப்பு இப்போது சிங்க் பக்கத்தில் இருக்கிறது, மீன் கழுவ. கல்லுப்பு ஜாடி பூஜை அலமாரிக்குப் போய்விட்டது. புதுப் பொடியுப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்று அம்மா அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வைத்தாள். இரண்டு பேருக்கு 300 கிராம் கணக்கு என்றால் அந்த ஒரு கிலோ மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். நேற்று போனில் கேட்டேன். முப்பத்திரண்டு நாளில் பாதி தீர்ந்துவிட்டதாம். “விருந்தாளி வந்தாங்கடி” என்கிறாள். விருந்தாளி நான்தான், ஐந்து நாள் இருந்தேன்.